உரியவர் எழும்பலாம்

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாகப் பென்சில் சீவினேன். முகம் கழுவவில்லை, கேத்தலை அடுப்பில் வைக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, அடியில் கிடந்த பென்சிலை எடுத்து, யன்னலோரம் நின்று பழைய பிளேட்டால் சீவினேன். நேற்றைய பத்திரிகையில் சுருள் சுருளாக விழுந்தது. அந்த மரமணம் வந்ததும் நீரும் வந்துவிட்டீர்.

ஊருக்கு நீர் மிஸி. உமது மிட்வைஃப் சீருடைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கொண்டையில் இன்னொன்று செருகியிருக்கும். குழந்தைகளின் நிறையைக் குறிப்பதும் அதனால்தான், எங்கள் எழுத்தைக் கிழிப்பதும் அதனால்தான். "பேனையாலை வெட்டினா மனிசருக்குக் காயம். பென்சிலெண்டா, பேந்து அழிக்கலாமெண்டு ஒரு நம்பிக்கை இருக்கும்," என்பீர். நீர் வெட்டியவற்றில் ஒன்றையும் நான் அழித்ததில்லை.

மேசையில் எங்கள் இலக்கிய வட்டத்தின் இந்த வருட மலர் கிடக்கிறது, அச்சுக்குப் போக முந்திய தாள்களாக. பிழை பார்ப்பது வழக்கம்போல நான். தலைவர் நேற்றுப் பின்னேரம் ஃபோன் எடுத்தார். "பிள்ளை, திங்கட்கிழமை தாளைத் தந்தாத்தான் அச்சுக்குக் குடுக்கலாம். முதற்பக்கத்தை மட்டும் வடிவாப் பாரும். மிஸியின்ரை எழுத்திலை ஒரு பிழையும் வரக்கூடாது."

முதற்பக்கத்தில் உமது படம். மகளின் கலியாணத்தில் எடுத்தது, நீர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறீர். படத்தின் கீழே உமது பெயர். பெயரின் கீழே தொடங்கும் எழுத்து உம்முடையதல்ல. என்னுடையது.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான நீர் மாசி மாதம் போய்விட்டீர்.

நடந்த பிழை முழுவதும் எங்கள் வழக்கத்துக்குள்தான் இருக்கிறது. நீர் அறியாததல்ல, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். மாதக் கூட்டம் உரும்பிராய்ச் சனசமூக நிலையத்தில் நடக்கும், அதில் வெறும் பேச்சுத்தான். எங்கள் எழுத்தை வாசிப்பது வருடத்தில் ஒரு நாள், ஓகஸ்ட் விடுமுறையில், தொண்டைமானாற்றில் தலைவரின் தங்கை வீட்டில். எழுதியவர் தன்னுடையதைத் தானே வாசிக்கக்கூடாது. தாளில் பெயர் போடக்கூடாது. தட்டச்சுச் செய்து, மடித்து, தலைவரின் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுவிட வேண்டும். வேறு யாரும் எடுத்து வாசிப்பார்கள். வாசித்து, கதைத்து, சண்டை பிடித்து முடிந்தபிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றுவார். "உரியவர் எழும்பலாம்," என்பார். எழும்பினால் அது அவருடையது, மலரில் பெயரோடு வரும். எழும்பாவிட்டால் தாள் மறுபடி ரின்னுக்குள் போய்விடும். ஆர் எழுதியது என்று கேட்கக்கூடாது. தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர் அல்லவா, விலாசம் இல்லாத கடிதத்தை உடைக்கக்கூடாது என்ற நியாயத்தை எங்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

என் முதல் ஓகஸ்டில் சோளகக் காற்று அப்படி அடித்தது. தாள் பறக்காமல் இருக்கக் கடனீரேரிக் கரையிலிருந்து கல் பொறுக்கி வந்து வைத்திருந்தோம். என் தாளை எடுத்தது நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் அண்ணை. வருடாவருடம் ஒரு இதரைப் பழக்குலையும் ஒரு கவிதையும் கொண்டுவருகிறவர். ஒரு பெண் பஸ்ஸுக்குள் இருந்து, தன் வீட்டு வெளிச்சம் எரிகிறதா என்று பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். வீட்டில் யாருமில்லை, காலையில் அவளே லைற்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வாசித்து முடித்ததும் அண்ணை தாளை மடித்துக்கொண்டு சொன்னார்: "இது ஆரோ கலியாணமாகாத மனிசி எழுதினது."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. அவர் ஒரு நோக்கமும் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் தலைவர் கண்ணாடியைக் கழற்றியபோது நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதற்குள் உமது குரல் வந்தது. "அண்ணை, நீங்கள் எழுதுறதெல்லாம் கலியாணமான மனிசர் எழுதுறதுதான். அதாலைதான் வீட்டிலை ஒருத்தரும் கேக்காமல் இஞ்சை கொண்டந்து வாசிக்கிறியள்." அண்ணையே குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியதில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நீர் மட்டும் பார்த்தீர்.

திரும்பும்போது உமது ஸ்கூட்டியில் என்னை ஏற்றினீர். அதுவரை இரண்டு தரமோ மூன்று தரமோ கதைத்திருப்போம். அச்சுவேலியும் தாண்டியாயிற்று. பிறகு தலையைத் திருப்பாமல், "லைற் பில் கூடுதலா வருமே, உமக்கு?" என்றீர்.

உமது தோளில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

"அடுத்தமுறை எழும்பி நில்லும்," என்றீர். "எழும்பினா என்ன, விழுந்தா போவீர்?"

அடுத்தமுறையும் நான் எழும்பவில்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு தாள் போட்டேன், ஒவ்வொரு தடவையும் இருந்துவிட்டேன். காணி உறுதி எழுதும் கந்தோரில் நாள் முழுக்க மற்றவர்களுடைய பெயரைத் தட்டச்சுச் செய்கிறவள் நான். இன்னாரின் மகள் இன்னாருக்கு இன்ன காணியை எழுதிக் கொடுத்த உறுதி. எல்லை, பரப்பு, கிணற்றில் பங்கு. ஆயிரம் பேருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதுகிறவளுக்குத் தன் பெயரை ஒரு தாளுக்குக் கீழே வைத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. உமக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு நாளும் காட்டிக் கொடுக்கவில்லை. என் தாளை நீர் எடுத்து வாசிக்கும் அதிர்ஷ்டம் மூன்று தரம் வாய்த்தது. நான் நிறுத்தாத இடங்களில் நீர் நிறுத்துவீர். அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று அப்போது விளங்கும்.

எனக்கு வாசகர் என்று இருந்தது நீர் ஒருவர்தான். ஒருவர் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரை நம்பி இருக்கிறவளுக்கு அந்த ஒருவர் போனால் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே இல்லை.

தை மாதம் உம்மை ஆசுபத்திரியில் வைத்தார்கள். பெண்கள் வாட்டில் ஆண்கள் நிற்க முடியாது, மகள் கனடாவிலிருந்து வரச் சுணங்கும் என்றார்கள். நான் பின்னேரங்களில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். ஐந்து மணிக்கு மணி அடித்துப் பார்வையாளர்களை விடுவார்கள். முதல் ஆளாக உம்மவர் வருவார், கையில் சுடுதண்ணிப் போத்தலோடு. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், அடுப்படிப் பக்கம் போயே இராதவர், உமக்காகத் தேத்தண்ணி போடப் பழகியிருந்தார். போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருப்பார். "என்னப்பா, சாப்பிட்டனீரே?" என்பார். நீர் "ஓம்" என்பீர். அதற்குப்பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

"ஊத்தித் தரட்டே?"

"சூடு ஆறட்டும். பேந்து குடிக்கிறன்."

அவர் படியிறங்கும் சத்தம் மறைந்ததும் நீர் போத்தலை என்னிடம் தள்ளுவீர். அதை அடுத்த கட்டிலில் இருந்த, பளையிலிருந்து வந்த அம்மாவிடம் கொடுக்கவேண்டியது என் வேலை. "உங்கடை மனுசன் என்னமாத் தேத்தண்ணி போடுறார், பிள்ளை!" என்று அந்த மனிசி உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பா. "குடியுங்கோ அம்மா. குடுத்து வைச்சனீங்கள்," என்பீர். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "இஞ்சியை அவிச்சு, சீனியைக் கொட்டி, கஷாயம் காணும் அது. வாயிலை வைக்கேலாது. மாட்டுக்கு வயித்துளைவு வந்தாக் குடுக்கலாம்," என்பீர். சிரித்தால் தையல் நோகும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்.

அந்த நாட்களில்தான் அதை எழுதினேன். வாட்டில் படுத்திருக்கும் ஒரு பெண், "நான்" என்று தானே சொல்வதுபோல. யன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தாங்கி, தாங்கியின் மேல் ஒரு காகம், ஐந்து மணி மணிச்சத்தம். அதில் ஒரு பந்தி இப்படி இருந்தது: "ஐந்து மணிக்கு அவர் தேநீர் கொண்டுவருவார். அதில் இனிப்பும் கூட, இஞ்சியும் கூட. ஆனால் விடிந்ததிலிருந்து நான் காத்திருப்பது அந்த ஒரு மிடறுக்காகத்தான். இதை அவருக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை."

தாளை உம்மிடம் தந்தேன். பெயர் போடவில்லை, வழக்கம்தானே. நீர் தலையணையில் சாய்ந்து இரண்டு தரம் வாசித்தீர். கொண்டையில்லாத தலையில் கையை வைத்துப் பென்சில் தேடினீர். நான்தான் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தேன். சில சொற்களைச் சுற்றி வட்டம் போட்டீர். இரண்டு வரிகளை இடம் மாற்றினீர். பிறகு அந்தத் தேநீர்ப் பந்தியின் மேல் கோணலாக ஒரு கோடு இழுத்தீர்.

"நல்லா எழுதியிருக்கிறீர்," என்றீர். "ஆனா இதிலை படுத்திருக்கிறது நான் இல்லை. நீர். எனக்கு உவ்வளவு சாந்தம் கிடையாது."

"உந்தப் பந்தி ஏன் வேண்டாம்?"

"பொய். அந்த மனுசன் வாசிச்சா நம்பிப்போடும். நம்பிப்போட்டு, நான் செத்தாப்பிறகும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருக்கும்."

சிரிக்கத்தான் சொன்னீர். இரண்டு பேரும் சிரித்தோம். தாள் உமது மேசையில் இருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். இரண்டு நாளில் உம்மை வேறு வாட்டுக்கு மாற்றினார்கள், பிறகு கதைக்க முடியாமல் போயிற்று. மகள் வந்து சேர்ந்தாள். தாளைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. வந்திருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த ஓகஸ்டில் தொண்டைமானாற்றுக்கு நான் பஸ்ஸில் போனேன். காற்று அதே காற்றுத்தான், தகரப் பந்தல் கடகடத்தது. உமது கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. யாரோ பழக்குலையை அதில் வைத்துவிட்டார்கள். உம்மவர் அன்றுதான் முதல் தடவையாக எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். பின்வரிசையில், சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, பயணம் வந்தவர்போல இருந்தார். கையில் ஒரு ஃபைல். வீட்டிலும் ஆசுபத்திரி மேசையிலும் கிடந்த உமது எழுத்தெல்லாம் அதற்குள் இருப்பதாகச் சொல்லித் தலைவரிடம் கொடுத்தார்.

தலைவர் பிரித்தார். பழைய தாள் மூன்று, எல்லாம் நாங்கள் கேட்டவை, பிள்ளை நிறுக்கப்போன வீடுகளைப் பற்றி நீர் எழுதிய பகிடிகள். நாலாவதாக ஒன்று. "புதுசொண்டு கிடக்கு," என்றார். "மிஸியின்ரை பென்சில் திருத்தம் முழுக்கக் கிடக்கு. ஆசுபத்திரியிலை இருந்து எழுதியிருக்கிறா. இதுதான் கடைசி."

அவரில் என்ன பிழை? உமது எழுத்துகளைத் தட்டச்சுச் செய்து தருகிறவள் நான்தான். எழுத்துரு ஒன்று, தாள் ஒன்று. பெயரில்லை, எங்களில் யாருடைய தாளில் பெயர் இருந்தது? ஓரம் முழுக்க உமது கையெழுத்து. வேறெந்தக் கூட்டத்திலும் இது நடந்திராது.

"ஆர் வாசிக்கிறது?" என்றார் தலைவர்.

"மிஸியின்ரை கூட்டாளி இருக்கேக்கை வேறை ஆரண்ணை?" என்றார் வாழைத்தோட்டத்து அண்ணை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஏச ஆளில்லாமல் நான் இனி என்னெண்டு எழுதுறது?" என்றார்.

தாள் என் கைக்கு வந்தது. மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது முதல் வரி.

எழுதியவர் வாசிக்கக்கூடாது என்ற விதியை, ஒருவருக்கும் தெரியாமல், எல்லோருக்கும் முன்னால் மீறிக்கொண்டிருந்தேன். என் சொல்லை என் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தேநீர்ப் பந்திக்கு வந்தபோது உமது கோட்டைப் பார்த்து ஆறுதல் வந்தது. அதைத் தாண்டி அடுத்த பந்திக்குப் போனேன். பக்கத்தில் இருந்த தலைவர் எட்டிப் பார்த்துவிட்டார். "வெட்டினதையும் வாசியும், பிள்ளை. இனி எங்கை கேக்கப்போறம்? முழுசாக் கேப்பம்."

வாசித்தேன்.

முடிந்ததும் தாளை மடித்தேன். தலைவர் மூக்கைச் சிந்தினார், கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருடப் பழக்கத்தில், யோசியாமல், அவர் வாயிலிருந்து வந்துவிட்டது: "உரியவர் எழும்பலாம்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்தினார். அந்த நேரம் பின்வரிசையில் கதிரை நகர்ந்தது. உம்மவர் எழும்பி நின்றார். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு உமக்காக நின்றார். அவரைப் பார்த்து வாழைத்தோட்டத்து அண்ணை எழும்பினார். பிறகு தலைவர். பிறகு எல்லோரும்.

கடைசியாக நான் எழும்பினேன். நீர் எத்தனை வருடமாகக் கேட்டது அது! என் எழுத்துக்கு நான் எழும்பி நின்றேன். எல்லோரும் நின்றதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப்பிறகு ஆறு கிழமை எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல பொய்தானே, யாருக்கு நட்டம்? ஒரு மனிதருக்கு ஆறுதல். என்னுடைய மற்றத் தாள்கள் எல்லாம் ரின்னுக்குள் போனது போலத்தானே இதுவும், ஒரு நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியே நினைத்து முடித்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் உமது வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அது ஒன்றுதான் நான் போகிற வீடு. முன்பு நீர் இருந்தபோது போன பழக்கம், காலை அங்கே கொண்டுபோய்விடுகிறது. போன ஞாயிறு போனபோது மணி ஐந்தாக இருந்தது. உம்மவர் குசினியிலிருந்து அந்தச் சுடுதண்ணிப் போத்தலோடு வந்தார். உமது படத்துக்கு முன்னால் ஒரு கோப்பையில் ஊற்றி வைத்தார். இன்னொன்றில் எனக்கு ஊற்றினார்.

"ஒவ்வொரு நாளும் வைக்கிறன், தங்கச்சி. அந்த நேரத்துக்கு."

நான் குடித்தேன். நீர் சொன்னது சரிதான். தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"அவ வாயாலை ஒருநாளும் சொல்லேல்லை," என்றார். சேட்டுப் பையைத் தொட்டார். பொலித்தீனில் சுற்றிய அந்தத் தாள் அதற்குள் இருந்தது. "என்னத்தைக் குடுத்தாலும் ஒரு குறை சொல்லுவா. நான் நினைச்சன், இவவுக்கு என்னிலை பிடிப்பில்லையாக்கும் எண்டு. பாருமன், எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறா. மகளுக்கும் ஃபோனிலை படம் எடுத்து அனுப்பினனான். 'அம்மா இப்பிடியெல்லாம் நினைச்சவவோ' எண்டு அவளுக்கும் அழுகை."

"அண்ணை," என்று தொடங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டே?"

"ஓம்," என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் ஐந்து மணிக்குத் தேநீர் குடிப்பது நீர் இல்லை. என் தாளில் படுத்திருந்த பெண். சாந்தமானவள், குறை சொல்லத் தெரியாதவள், தனக்காக ஒருவர் வந்தால் போதும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நீர் சொன்னதுபோல, நான். உமது கூர்மையான வாயும், வயிற்றைப் பிடித்த சிரிப்பும், மாட்டுக்கஷாயமும் அந்த வீட்டை விட்டு வெளியே போய்விட்டன. மலர் வந்தால் வட்டத்திலிருந்தும் போய்விடும். மகளிடமிருந்து ஏற்கெனவே போய்விட்டது. உம்மைப் பற்றிக் கதைக்க எனக்கு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரோடு உம்மைப் பற்றிக் கதைக்க முடியாமல் நானே ஆக்கிவிட்டேன்.

எனக்கு என் பெயர் வேண்டும் என்பதும் இதற்குள் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீர் பென்சிலை எடுத்துவிடுவீர். முதற்பக்கத்தைப் பார்க்கும்போது பொறாமை வருகிறது, அதுவும் செத்துப்போன என் கூட்டாளியில். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்பு உமது பெயருக்குமேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துப் பார்த்தேன். வெட்கம் வந்தது, எடுத்துவிட்டேன்.

ஆனால் பெயருக்காக மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். எனக்கு அது பழக்கம். என்னை இருக்கவிடாமல் செய்வது நான் அந்தத் தாளில் எழுதாமல் விட்ட ஒன்று.

ஐந்து மணி அடிக்க முன்னம், நாலே முக்காலுக்கு, நீர் என்னைக் கூப்பிடுவீர். "தலையை ஒருக்கா இழுத்துவிடும்," என்பீர். மருந்தால் கொட்டிக்கொண்டிருந்த தலை. நான் சீப்பை மெல்லப் பிடித்து இழுப்பேன். சீப்பில் வந்ததைச் சுருட்டி நீர் பார்க்காமல் கைப்பைக்குள் போடுவேன். "பொட்டு நேராக் கிடக்கோ?" என்று கேட்பீர். எழும்பி இருக்க முடியாத நாளிலும் கேட்டீர். கதைக்க ஏலாமல் போன நாளில்கூட, வாய் வராமல், கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் காட்டினீர். ஒரு நாள் நான் பகிடியாக, "ஆருக்கு உவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டேன். நீர் சிரிக்கவில்லை. "உவருக்குச் சொல்லிப்போடாதேயும்," என்றீர். "சொன்னீரோ, உம்மோடை கதைக்கமாட்டன்."

அவருடைய தேத்தண்ணி உமக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் வருவது வேண்டியிருந்தது. இது தெரிந்தவள் நான் மட்டும்தான். ஏழு மாதமாக இதை நான் தனியே வைத்திருக்கிறேன். இரவல் வாங்கிய நகையைப்போல, போடவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் ஆளில்லை.

உமது இரண்டு சொல்லில் ஒன்றைத்தான் நான் காப்பாற்ற முடியும். அந்த மனுசன் நம்பிப்போடும் என்று பந்தியை வெட்டினீர். தலை இழுத்ததைச் சொல்லிப்போடாதேயும் என்றும் சொன்னீர். தேத்தண்ணிப் பந்தி பொய் என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது; முதலாவதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரண்டாவதை மீறவேண்டும். கதைக்கமாட்டன் என்றீர். அது இப்போதும் அப்படித்தானே இருக்கிறது.

நாளை ஞாயிறு. தாளைத் தலைவரிடம் திங்கட்கிழமைதான் கொடுக்கவேண்டும். அதற்கு முன் அறியவேண்டியவர் உம்மவர். நாளைக்கு உமது வீட்டுக்குப் போகிறேன், ஐந்து மணிக்கு அல்ல, நாலரைக்கு, அவர் அடுப்பை மூட்ட முன்னம். அந்தத் தாளை எழுதியது நான் என்று முதலில் சொல்வேன். நீர் அந்தப் பந்தியை வெட்டியது கூச்சத்தால் அல்ல என்றும், போத்தல் எந்தக் கட்டிலுக்குப் போனது என்றும் சொல்வேன். மலரில் அது என் பெயரில் வரலாம், வராமலும் போகலாம். உமது பெயரில் வராது. மகளிடமும் நானே கதைக்கிறேன் என்பேன். அவர் என்னை வெளியே போகச் சொல்லலாம். சொன்னால் எனக்குப் போக வேறு வீடு இல்லை என்பதை யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

போகச் சொல்லாவிட்டால், நாலே முக்காலுக்கு, சீப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.